திருப்பிக் கூப்பிடுகிறேன்

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. ஏழு மாதப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அதைவிடப் பெரிய தப்பு, எழுதும்படியாக எனக்கு எதுவும் நடந்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். அந்தப் பி.காம். கதையும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

இந்த டைரி எங்கள் தெருக்கோடி லாரி ஆபீஸ் புத்தாண்டுக்குக் கொடுத்தது. கடையில் என் மொதலாளி அண்ணாச்சி அதை ஆடுகிற ஃபேன் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்திருந்தார். இன்று புது ஃபேன் வந்தது. "இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ தாயி, உள்ள ஒண்ணும் எழுதல" என்றார். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் லாரி ஆபீஸின் போன் எண் அச்சாகியிருக்கிறது.

ஆறு மாதமாகப் பொன்னுலிங்கம் அண்ணாச்சி கடையில் பில் போடுகிறேன். விருதுநகரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மிளகாய் வத்தல் மூட்டைகள். நாள் முழுக்கத் தும்மல். "தும்முனாத்தான் இந்தப் பிள்ளை உள்ள இருக்கிறதே தெரியுது" என்பார்கள் லோடுமேன்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

அண்ணாச்சிக்கு எழுத்து எட்டிக்காய். எல்லாமே குரல்தான். காலையில் ஊதுபத்தி கொளுத்தியதும் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு விலை சொல்வார். அது 'காலை விலை' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் போகும். விலையோடு விடமாட்டார். நடுவில் இருமல். பிறகு ஊர்க்கதை. இன்று சொன்னது: "அடுத்த வாரம் வியாழக்கிழமை நம்ம லோடு திருச்சி மசாலாக் கம்பெனிக்குப் போகுது. அன்னைக்கு நான் கடையில இருக்க மாட்டேன், சாத்தூர்ல மச்சினன் மக கல்யாணம். எல்லாரும் வந்துருங்கப்பா."

குரூப்பில் இருக்கும் பாதிப் பேர் யாரென்று அவருக்கே தெரியாது.

லாரி ஆபீஸிலிருந்து அய்யனார் என்பவர் டிரிப் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தார். என்னை 'மேடம்' என்கிறார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

வியாபாரிகள் சங்கக் குரூப்பில் ஒரு செய்தி. ஏ.ஐ. வைத்து ஒருவர் குரலை அப்படியே செய்துவிடுகிறார்களாம். கொஞ்ச நேரம் பேசிய பதிவு இருந்தால் போதுமாம். சிறு கடைக்காரர்களைத்தான் குறி வைக்கிறார்கள், கவனம் என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்குரலையா? இந்த இருமலை எவன் திருடுவான்? திருடிட்டுப் போனா எனக்குத்தான் நிம்மதி."

லோடுமேன்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேனா இன்னும் டிராயரில்தான். கேட்டு வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அம்மா தான் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுக் கொழுக்கட்டை செய்தாள். நான் ஒன்பது தின்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலேயே திருச்சி லோடு ஏறிவிட்டது. வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லைத் திருச்சிக் கம்பெனி பேருக்குப் போட்டு வைத்திருந்தேன். பதினொரு மணி வாக்கில் புது எண்ணிலிருந்து போன். எடுத்தால் அண்ணாச்சி. பின்னால் நாதஸ்வரம்.

"போன்ல சார்ஜ் இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டு ஆளு போன்ல பேசுறேன். திருச்சிக்காரன் சரக்கு வேண்டாங்கிறான். மதுரை ரிங் ரோட்டுல ஒரு குடோன் விலாசம் அனுப்புறேன், வண்டியை அங்க விடு. ஒண்ணாம் நம்பர் லாட்டு, ரெண்டாம் நம்பர் லாட்டு ரெண்டையும் ஒரே பில்லாப் போட்டுரு. சீக்கிரம்."

நடுவில் அந்த இருமல். மூச்சிழுத்து மூன்று தரம் இருமி, கடைசியில் தொண்டையைச் செருமுவது வரைக்கும் அப்படியே.

"சரிங்க அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்வேன்? விலாசம் வந்ததும் பழைய பில்லை ரத்து செய்து புதுப் பில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தேன். வண்டி கிளம்பித் தெருக்கோடி லாரி ஆபீஸுக்கு டிரிப் சீட்டு வாங்கப் போனது.

அப்போது குடோனில் அடுத்த சரக்கை எண்ண ஆரம்பித்தார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..."

எங்கள் தெருவில் முதல் மூட்டையை 'ஒண்ணு' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். அண்ணாச்சி இதில் ரொம்பக் கண்டிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் 'ஒண்ணாம் நம்பர் லாட்' என்று சொன்னதற்கு, மூட்டைக்குத் திருநீறு போட வைத்தார். எங்கள் கடையில் ஒன்றாம் நம்பர் லாட் என்று ஒன்றும் கிடையாது. அது லாப லாட். மூட்டையிலும் 'லா' என்றுதான் மை போட்டு எழுதியிருக்கும்.

கல்யாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் நிற்பவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி வாயில் 'ஒண்ணாம் நம்பர்' வந்து நான் கேட்டதே இல்லை.

உடனே அண்ணாச்சியின் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன், விரல் போகவில்லை. என்னவென்று கேட்பது? 'அண்ணாச்சி, சற்று முன் பேசியது நீங்கள்தானா?' என்றா? மொதலாளி சொன்னதை மறுபடி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அம்மா இத்தனை வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி சொன்னதைக் காதில் சரியாக விழாவிட்டாலும் 'சரிங்கய்யா' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

ஆனால் அந்த வண்டியில் போவது ஒரு சீசன் முழுக்கச் சேர்த்த வத்தல். அது போனால் கடையே எழுந்திருக்காது. என் வேலை கிடக்கட்டும், லோடுமேன்கள் எல்லாருக்கும் அதுதான் சோறு.

டைரி பையில் இருந்தது. பக்கத்தின் அடியைப் பார்த்து எண்ணை அழுத்தினேன்.

"சொல்லுங்க மேடம்." அய்யனார்.

"எங்க வண்டியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"எதுக்கு மேடம்?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி நிறுத்துறது?"

"தெரியாததுனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

போனை வைக்காமலே அவர் எங்கள் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "ஏண்ணே, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கே, பாக்காமலா கிளம்புறீக? எறங்கி ஒரு டீயக் குடிங்க, பாத்துத் தாரேன்."

இப்போதும் அண்ணாச்சியைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டம்மா செந்தாமரை அக்காவைக் கூப்பிட்டேன்.

"பந்தியில உக்காந்திருக்காக. எலையில பாயாசம் விட்டாச்சு. எதுவும் அவசரமா?"

"அவுக போன்ல சார்ஜ் இல்லையா அக்கா?"

"அதுக்கென்ன கேடு? என் பையிலதான கெடக்கு. காலையில இருந்து தொடவே இல்ல."

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். தும்மல் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணாச்சி கல்யாணத்தைப் பாதியில் விட்டு நேற்றே வந்துவிட்டார். வந்த குரல் ஒலிப்பதிவாக இருந்தால் கேட்கலாம் என்றார். போனில் பேசியது, பதிவு இல்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருமலுமா இருந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

"செருமினானா?"

"செருமினாக."

என்னை அறியாமல் மரியாதை கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தன் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். மதுரை விலாசத்தில் நேற்றுத்தான் யாரோ வாடகைக்கு எடுத்த காலி ஷெட் இருந்ததாம். ஆளைக் காணோம். சரக்கு இன்று பழைய விலாசத்துக்கே திருச்சி போனது.

பாராட்டு என்று அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை. மாலையில் என் மேசைக்கு மேலே அந்தப் புது ஃபேனை மாட்டச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று காலை விலை இல்லை. அண்ணாச்சி போனை எடுத்தார், வாய்க்கு நேரே பிடித்தார், கீழே வைத்துவிட்டார்.

"நாப்பது வருசமா இந்தக் குரலுக்குத்தான் தெருவுல மதிப்பு. சீட்டு கெடையாது, கையெழுத்து கெடையாது. 'பொன்னுலிங்கம் சொன்னாரு'ன்னா சரக்கு நகரும். இப்ப எங்குரலே எனக்குச் சாட்சி இல்லையா தாயி?"

டீ வாங்கி வந்து வைத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை இன்று சொன்னேன். முதலில் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். "வாயால சொல்லு" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான். அந்தத் திருடன் உடைத்தது கம்ப்யூட்டரை அல்ல. மொதலாளி சொன்னால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதில்தான் உள்ளே வந்தான். அதனால் இனி சரக்கு போகும் இடமோ, பில்லோ, பேங்க் கணக்கோ மாறினால், யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், போனை வைத்துவிட வேண்டும். நம்மிடம் முன்பே இருக்கிற எண்ணுக்கு நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும். அன்றன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். நேற்றைய குரலைத் திருடியவனுக்கு இன்றைக்கு நடந்தது தெரியாது.

"அப்ப நானே பேசுனாலும் போனை வச்சுருவியா?"

"ஆமா."

"என்னையே கேள்வி கேப்பியா?"

கையிலிருந்த தாளை மடித்தேன். "நீங்க அனுமதி கொடுத்தா கேப்பேன். எனக்கு மட்டும் இல்ல, லோடுமேன் அண்ணன்களுக்கும் கொடுக்கணும். கேட்டதுக்காக யாரையும் திட்டக் கூடாது."

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "மொதலாளிய நாங்க கேள்வி கேக்கலாமாம்டோய்! சம்பளம் எப்பக் கூடும்னும் கேக்கலாமா பாப்பா?" என்றார்.

அண்ணாச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இருமல். இருமி முடித்து, "கேளுங்க" என்றார். சம்பளத்தைச் சொன்னாரா போனைச் சொன்னாரா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

'காலை விலை' குரூப்பில் தெரியாத எண்களை எல்லாம் நீக்கினேன். மதியம் வரைக்கும் அந்த வேலைதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லாரி ஆபீஸும் எங்கள் விதிக்கு ஒத்துக்கொண்டது. வண்டி புறப்படும் முன் அங்கிருந்து கடை எண்ணுக்குக் கூப்பிட்டு விலாசத்தைச் சரிபார்க்க வேண்டும். கடை பூட்டிய பிறகு என்றால் என் எண்ணுக்கு. இன்று அய்யனாரிடமிருந்து முதல் அழைப்பு.

"மேடம், நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? உங்க குரலையும் செஞ்சிருக்கலாம்ல?"

"என் குரலை எங்க எடுப்பாங்க? நான் பேசுறதே இல்லையே."

"இப்பப் பேசுறீங்களே."

"கேள்வி கேளுங்க" என்றேன்.

"எம்பேனா எங்க இருக்கு?"

"டிராயர்ல."

"சரி, வண்டி போகட்டும்."

அப்படியானால் அவருக்கு அது இங்கேதான் இருக்கிறதென்று தெரியும். ஏன் இத்தனை நாள் வந்து வாங்கவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை விலை திரும்ப வந்துவிட்டது. ராஜபாளையம், தென்காசிக் கடைக்காரர்கள் எல்லாரும் போன் போட்டு, "ஒங்க இருமல் கேக்காம விடிஞ்ச மாதிரியே இல்ல" என்றார்களாம். விலை மட்டும் சொல்கிறார். எங்கே லோடு போகிறது, தான் எங்கே போகிறார் என்பதெல்லாம் கிடையாது. வாய் வரைக்கும் வருகிறது, என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். பதிலாக நேற்றுச் சாப்பிட்ட குழம்பைப் பற்றிச் சொல்கிறார்.

இன்றைக்கு லாரி ஆபீஸ் கேள்வி: கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு எந்தக் காது மடங்கியிருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்துச் சொன்னேன். இடது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை. வத்தல் மூட்டைக்குத் தார்ப்பாய் போட எல்லாரும் ஓடினோம். மஞ்சள் துப்பட்டா கறையாகிவிட்டது. சாயங்காலக் கேள்வி: 'மஞ்சள் துப்பட்டா போச்சா, பொழைச்சுதா?' அவர் எப்போது பார்த்தார்?

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றைக்குத்தான் விதிக்கு உண்மையான பரீட்சை.

அண்ணாச்சி வத்தல் கொள்முதலுக்குக் குண்டூர் போயிருக்கிறார். மதியம் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு. எடுத்தால் குரல் அவருடையது மாதிரியே இல்லை. காற்று போகிறது. வார்த்தை வழுக்குகிறது.

"தாயி, மதுர லோட நிறுத்து. ஈரோட்டுக்குத் திருப்பி விடு. லாவ லாட்டு மட்டும் போதும்."

'லாப லாட்' என்பதைச் சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் அது 'லாவ' என்று வருகிறது. பக்கத்தில் தெலுங்குப் பேச்சு. போன தடவை வந்த பொய்க்குரல் அப்படியே அண்ணாச்சியாக இருந்தது. இது யாரோ மாதிரி இருக்கிறது. லோடுமேன்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வச்சுட்டுத் திருப்பிக் கூப்பிடுறேன் அண்ணாச்சி."

"ஏ, நான்தான்..."

வைத்துவிட்டேன். மொதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்தது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. மூச்சை இழுத்துக்கொண்டு அவர் எண்ணை நானே அழுத்தினேன்.

"நேத்துக் கிளம்பும்போது கடையில எதை மறந்து வச்சிட்டுப் போனீங்க?"

"என்னத்த மறந்தேன்? ஒண்ணும் மறக்கல. லோடத் திருப்பு முதல்ல!"

"அது தெரியாம திருப்ப முடியாதுங்க அண்ணாச்சி."

"ஏய்! நான் யாருன்னு நெனச்ச?"

"அதைத்தான் கேக்குறேன்."

இதைச் சொன்னது என் வாய்தான். எனக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பக்கம் குரல் ரகசியமாகியது:

"தாயி, இங்க பத்து யாவாரி உக்காந்திருக்கான். அத இப்ப வாய் விட்டுச் சொல்லணுமா?"

"சொன்னாத்தான் வண்டி திரும்பும்."

"பல்லு செட்டு!" என்று கத்தினார். "மேசையில கண்ணாடி டம்ளர்ல கெடக்குது! எம் பல்லு செட்டு! போதுமா?"

போதும். டம்ளர் என் கண் முன்னால்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததை நான் அணைக்க மறந்துவிட்டேன். குடோன் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பக்கம் குண்டூரிலும் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார், பல் இல்லாமல் சிரிப்பதால் காற்றுதான் அதிகம் வந்தது.

"சரி, வண்டியைத் திருப்பு" என்றவர், வைப்பதற்கு முன்னால், "இப்படியே இரு தாயி" என்றார்.

கடை பூட்டி வீட்டுக்கு வந்த பிறகு லாரி ஆபீஸ் அழைப்பு. கேள்வி: "டம்ளர்ல எத்தனை பல்லு?" தெருவுக்கே தெரிந்துவிட்டது. இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆபீஸ் வேலை சிரிச்சுச் சிரிச்சுப் பாக்குற வேலையா?" என்று கேட்டாள். பாதுகாப்பு விதி அம்மா, என்றேன். "அப்படியா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பருப்புக் கடை, எண்ணெய்க் கடைக்காரர்கள் எல்லாம் எங்கள் விதியைக் கேட்டு வந்தார்கள். சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மேடை வேண்டாம், ஒவ்வொரு கடையாக வந்து அங்கே வேலை பார்ப்பவர்களிடம் சொல்கிறேன் என்றேன். மொதலாளிகள் பக்கத்தில் இருக்க வேண்டும், வேலையாட்களுக்கு முன்னால் 'என்னைக் கேளுங்க' என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எண்ணெய்க் கடை மொதலாளிக்கு அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரமானது. சொன்னதும் அவர் கடையில் பில் போடும் பெண் என்னைப் பார்த்தாள். என்னைவிடக் கூச்சக்காரி.

இன்று லோடு இல்லை. அழைப்பும் இல்லை. சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அண்ணாச்சி தன் போனுக்கும் பொட்டு வைத்தார், பல் செட் டம்ளருக்கு லோடுமேன்கள் வைத்துவிட்டார்கள். தெருக்கோடியில் லாரிகளை ஒவ்வொன்றாகக் கழுவி வாழைக்கன்று கட்டுகிறார்கள். ஞாயிறு வரைக்கும் ஒரு வண்டியும் நகராது.

கடைசி லோடுக்கான அழைப்பு ஆறு மணிக்கு வந்தது. விலாசம் சரி. கேள்வி சரி. "நல்லது மேடம், திங்கக்கிழமை பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பொரிகடலை வாங்கப் போயிருந்தாள். எழுத டைரியைத் திறந்தேன். பக்கத்தின் அடியில் அந்த எண். இத்தனை நாள் அங்கிருந்துதான் அழைப்பு வந்திருக்கிறது. அந்த முதல் நாளைத் தவிர நான் கூப்பிட்டதே இல்லை.

அழுத்தினேன்.

"மேடம்? லோடுல எதுவும் மாத்தமா?"

"ஆமா. இல்ல. லோடுல இல்ல."

"இருங்க, இருங்க. லோடு இல்லாம நீங்க கூப்பிட மாட்டீங்களே. இது நீங்கதானான்னே சந்தேகமா இருக்கு. விதிப்படி ஒரு கேள்வி கேக்கணும்."

"கேளுங்க."

"எம்பேனா இப்ப எங்க இருக்கு?"

"எங்கையில. அதுலதான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் லாரி கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"சரி, நீங்கதான். சொல்லுங்க, என்ன மாத்தணும்?"

"நாளைக்கு லோடு இல்ல. நாளன்னைக்கும் இல்ல." ஒரு தரம் செருமிக்கொண்டேன். "லோடு இல்லாட்டியும் கூப்பிடுங்க."